கல்லும் கூலியும்: புதுக்கோட்டைக் குவாரிகள் தரும் பாடம்

"எங்கள் ஊர்ப் பாறை ஏலம் போய்விட்டது. இனி லாரி வரும், வேலை வரும், ஊர் முன்னேறும் என்கிறார்கள். இது மெய்தானா?" புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள சங்க அங்கத்தினர்கள் கூடிப் பேசும்போது இவ்வினா அடிக்கடி எழுகின்றது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் இதற்கு விடையிறுத்தல் இயலாது. குவாரி வளர்ந்தால் வருமானம் வளரும் என்பதில் ஐயமில்லை. அவ்வருமானம் எவர் கையில் தங்குகின்றது என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள். இதற்குரிய சான்றுகளைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே, நம்மில் பலருடைய நினைவிலேயே அவை இருக்கின்றன.

முதலில் இடத்தின் இயல்பை நினைவிற் கொள்வோம். 1948 மார்ச் 3 வரை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்து, பின் திருச்சி மாவட்டத்துடன் இணைந்து, 1974 ஜனவரி 14-ல் தனி மாவட்டமான இப்பகுதியில் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வெள்ளாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடும். 5,000-க்கு மேற்பட்ட கண்மாய்களையும் வானத்தையும் நம்பியே வேளாண்மை நடைபெறுகின்றது. கிழக்கே கடலை நோக்கிச் செல்லச் செல்ல மண் ஆழமாகும். மேற்கேயோ மண்ணுக்குச் சற்றுக் கீழே பாறை. நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம் என்று நாம் பெருமையுடன் சொல்லும் ஊர்களின் புகழெல்லாம் இப்பாறையில் எழுதப்பட்டதுதான். ஆயிரம் ஆண்டுகளாக உளி பட்டும் அழியாத அதே இனப் பாறை இன்று ஒரு வாரத்தில் ஜல்லியாகி நெடுஞ்சாலைக்குப் போய்விடுகிறது.

மழை பொய்த்த ஆண்டில் நிலமற்றவர்க்கும் சிறு நிலமுடையவர்க்கும் இப்பாறையே கதி. இது புதிய செய்தியன்று. ஆகவே குவாரி வேண்டாம் என்று எளிதாகச் சொல்லிவிடுபவர், வயல் காய்ந்த மாதங்களில் அடுப்பு எரிந்த விதத்தை அறியாதவரே ஆவர்.

பழைய முறையில் ஒரு குவாரி எவ்வாறு நடைபெற்றது? அரசாங்கப் புறம்போக்கில் உள்ள பாறையை ஒப்பந்தக்காரர் குத்தகைக்கு எடுப்பார். ஆண்கள் பாறையில் துளையிட்டு, மருந்து கெட்டித்து, வெடி வைத்துப் பிளப்பர். பெண்கள் சம்மட்டியால் உடைப்பதும், வெயிலில் குந்தியிருந்து சுத்தியலால் ஜல்லியாக்குவதும், சட்டியில் சுமந்து லாரியில் ஏற்றுவதும் செய்வர். கூலி லோடு கணக்கில் அமையும். லோடு என்பது எத்தனை கன அடி என்று முடிவு செய்பவர் மேஸ்திரி. அளவு அவருடையது, புத்தகமும் அவருடையது. திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ வாங்கிய முன்பணம் அந்தப் புத்தகத்தில் ஏறியிருக்கும், ஏறியது இறங்காது. கடனுக்காக உழைப்பைப் பிணை வைக்கும் இவ்வழக்கத்தை 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடை செய்தது. டில்லிக்கு அருகிலுள்ள பரீதாபாத் கல் குவாரிகளைப் பற்றிய வழக்கில் 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, குவாரித் தொழிலாளரின் நிலையை நாடெங்கும் அறியச் செய்தது. சட்டம் வந்த பிறகும் கணக்குப் புத்தகம் பல இடங்களில் மேஸ்திரியின் கையிலேயே இருந்தது.

இனி ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். இதிலுள்ள எண்கள் பாடத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை. எந்தக் குவாரியின் உண்மைக் கணக்கும் அன்று. நகரில் ஒரு லோடு கல் 100 ரூபாய்க்கு விற்கிறது என்று கொள்வோம். அதில் லாரி வாடகை 25, வெடிமருந்தும் திரியும் 10, அரசாங்கத்திற்குச் செலுத்தும் உரிமத்தொகை 5, உடைத்து ஏற்றிய கூலி 15. மீதி 45 ரூபாய் குத்தகை எடுத்தவருக்கு. அவர் நகரவாசியானால் அந்த 45 ரூபாய் கல்லுடனேயே லாரி ஏறிவிடும். ஊரில் தங்குவது 15 மட்டுமே. அதிலும் முன்பணத்திற்கு என்று பிடித்தது போக, கடைத்தெருவுக்கு வந்து சேர்வது இன்னும் குறைவு. உள்ளூர்க் கடைக்காரரும், நம் சங்கத் துணியை வாங்குபவரும், காய்கறி விற்பவரும் எதிர்பார்த்திருப்பது இந்தச் சிறு தொகையைத்தான்.

இக்கணக்கை மாற்றிக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று நம் மாவட்டத்தில் நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அரசாங்க நிலத்திலுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட கல் குவாரிகள் ஏழைப் பெண்களின் குழுக்களுக்குக் குத்தகையாக அளிக்கப்பட்டன. அதுவரை அதே பாறையில் கூலிக்குக் கல் உடைத்தவர்களே இப்பெண்கள். கொத்தடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட குடும்பத்தினரும் அவர்களுள் இருந்தனர். ஊரகப் பெண்களின் முன்னேற்றத்திற்காக 1982-ல் தொடங்கப்பட்ட மைய அரசுத் திட்டத்தின் வழியே குழுக்கள் அமைந்தன. குடுமியான்மலையைச் சுற்றியுள்ள ஊர்கள் இதில் முன்னின்றன.

அதே காலத்தில், 1991-ல், அறிவொளி இயக்கம் மாவட்டமெங்கும் பரவியது. இவ்விரண்டும் ஒரே சமயத்தில் நேர்ந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிடலாகாது. குத்தகைப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கும் ஒருத்தியை எவரும் ஏமாற்றலாம். நடைச்சீட்டில் எழுதியிருக்கும் அளவைத் தானே படித்து, லாரியில் ஏறியிருக்கும் அளவோடு ஒப்பிடத் தெரிந்தவளை ஏமாற்றுதல் கடினம். எழுத்தும் எண்ணும் குவாரிப் பெண்களுக்குப் பள்ளிப் பாடமாக இல்லாமல் வரவு செலவாகவே வந்து சேர்ந்தன. பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் அந்த ஆண்டுகளில்தான். இச்செய்தியைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகறியச் செய்தார். குவாரிக்கும் சந்தைக்கும் அலுவலகத்திற்கும் இடையே நடந்தே கழிந்த நேரம் மிச்சமானதை வருமானக் கணக்கில் சேர்க்காமல் விடுவது தவறு. ஷீலா ராணி சுங்கத், பொருளியலறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவுடன் சேர்ந்து இவ்வியக்கத்தைக் குறித்து 1996-ல் ஒரு நூலும் வெளியிட்டார்.

நம் எடுத்துக்காட்டுக் கணக்குக்கு மீண்டும் வருவோம். குத்தகை குழுவினுடையதாகிவிட்டால் லாரி வாடகையும் மருந்துச் செலவும் அவ்வளவாக மாறா. தனியாளாக வாங்குவதால் சற்றுக் கூடவும் கூடும். 100 ரூபாயில் வாடகை 30, மருந்து 12, உரிமத்தொகை ஒழுங்காகச் செலுத்தினால் 8 என்று வைப்போம். மீதி 50. கூலியை 15-லிருந்து 30 ஆக்கிய பின்னும் 20 ரூபாய் குழுவின் பெட்டியில் இருக்கும். ஊரில் தங்கும் தொகை 15-லிருந்து 50 ஆகிவிட்டது. ஒரு கல்கூடக் கூடுதலாக உடைக்கப்படவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பாறை அதே பாறை. சந்தை விலையும் அதே விலை. உற்பத்தி வளராமலே உள்ளூர் வருமானம் மும்மடங்குக்கு மேல் பெருகும் வழி இக்கணக்கில் புலனாகின்றது. நெசவாளர்க்கு இது விளங்காத பொருளன்று. முதலாளியிடம் நூல் வாங்கிக் கூலிக்கு நெய்தவர், சங்கத்தில் சேர்ந்து தம் சேலையைத் தாமே விற்றபோது கண்ட வேறுபாடும் இவ்வகையினதே.

ஆயினும் அந்த ஏற்பாடு வேரூன்றி வளரவில்லை. இன்று குவாரித் தொழிலில் பெண்கள் குழுக்களுக்கு அன்றிருந்த இடமில்லை. பெரிய குத்தகைகளும் பெரிய பொறிகளுமே ஓங்கி நிற்கின்றன. ஏன் இவ்வாறாயிற்று என்பதைக் கூட்டுறவாளர் கூர்ந்து சிந்திக்க வேண்டும். நல்ல அதிகாரி ஒருவர் ஊன்றிய செடி அவர் மாறிச் சென்றபின் தண்ணீருக்கு ஏங்கும் என்பது ஒரு காரணம். எம் கருத்தில் அதனினும் பெரிய காரணங்கள் வேறு இருக்கின்றன. குவாரிக்கு நடைமுறை மூலதனம் வேண்டும்: கல் விற்றுக் காசு வருமுன் மருந்துக்கும் லாரிக்கும் கூலிக்கும் பணம் கொடுத்தாக வேண்டும். அதற்குக் கடன் தரும் ஏற்பாடு இல்லாத குழு, பழைய ஒப்பந்தக்காரரிடமே முன்பணத்திற்குப் போக நேரும். பெயரளவில் குத்தகை குழுவினுடையதாயினும் கல் அவருடையதாகிவிடும். சிறுசிறு குழுக்கள் தனித்தனியே நின்றன. நூலுக்கும் விற்பனைக்கும் நெசவாளர் சங்கங்களுக்கு 1935 முதல் கோ-ஆப்டெக்ஸ் என்ற தலைமைச் சங்கம் துணையிருக்க, கல்லுடைப்போர்க்கு அத்தகைய தலைமைச் சங்கம் ஒன்றும் எழவில்லை. குத்தகைக் காலம் குறுகியது. அது முடிந்ததும் ஏலத்தில் பணமுடையவரோடு போட்டியிட வேண்டும். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று கூறியது. இயற்கையைக் காக்க வந்த நல்ல உத்தரவே அது. ஆனால் அதற்குரிய திட்ட அறிக்கைகளும் வரைபடங்களும் கட்டணங்களும் பெருங்குத்தகைக்காரருக்குச் சிறு செலவு. சம்மட்டியை மட்டும் முதலாகக் கொண்ட குழுவுக்கோ மலை. நல்ல சட்டமும் எளியவருக்குக் கைத்துணையின்றி வந்தால் எளியவரையே முதலில் வெளியேற்றும்.

இப்பொழுது வளர்ச்சியைப் பற்றிய கேள்விக்கு வருவோம். கம்ப்ரஸரும் பொக்லைனும் டிப்பர் லாரியும் கிரஷரும் வந்துவிட்டன. ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபின் பாறையைப் பொடியாக்கிச் செய்யும் எம்-சாண்டுக்குக் கிராக்கி பெருகி, பாறை மணலாகவும் விற்கத் தொடங்கியது. கைமுறையில் 100 லோடு எடுத்த இடத்தில் பொறிமுறையில் 1,000 லோடு எடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கைமுறையில் லோடுக்குக் கூலி 15 ரூபாயானால் மொத்தக் கூலி 1,500. பொறிமுறையில் லோடுக்குக் கூலி 2 ரூபாயாகச் சுருங்கினால் மொத்தக் கூலி 2,000. உற்பத்தி பத்து மடங்கு. கூலித்தொகையோ ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல். அந்த 2,000 ரூபாயும் உள்ளூர்ப் பெண்களுக்குப் போவதில்லை. பொறி ஓட்டுபவர், லாரி ஓட்டுபவர், வெல்டர் ஆகியோர் ஆண்கள், பலர் வெளியூரினர். தமிழ்நாட்டுக் கிரஷர்களில் வடமாநிலத் தொழிலாளர் கொட்டகையில் தங்கி உழைப்பதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். அவர்களும் வயிற்றுக்காக வந்தவர்களே. அவர்கள்மேல் குறை சொல்வது நியாயமன்று. கூலியின் பெரும்பகுதியை அவர்கள் தத்தம் ஊருக்கு அனுப்புவர். நம் பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து அனுப்புவது போன்றதே அது. ஆனால் குவாரி வந்ததால் ஊர்க் கடைத்தெரு செழிக்கும் என்று போட்ட கணக்கு இங்கே பொய்த்துவிடுகிறது.

வரவைப் பார்த்தோம். எவர் ஏட்டிலும் எழுதப்படாத செலவு ஒன்று உண்டு. பாறை வெட்டும் பள்ளம் ஆழமாகும்போது சுற்றுக் கிணறுகளின் நீர் அதிலே கசிந்து இறங்கும்; பள்ளத்து நீரைப் பம்பு வைத்து இறைத்து வெளியே விடுவர். லாரிப் பாதைக்காக வரத்து வாய்க்கால் மேடாக்கப்பட்டால் கண்மாய்க்கு வரவேண்டிய மழைநீர் வராது. கண்மாய் நிரம்பாத ஊரில் ஒரு போகமும் ஐயத்துக்குரியதே. நிலக்கடலைக் கொல்லையில் படியும் வெண்தூசு இலையை மூடும். பூச் சாகுபடி செய்பவருக்குத் தூசு படிந்த பூ சந்தையில் விலை போகாது. நெசவுத் தெருவிலோ வேறு வகைத் தொல்லை. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துபவர்க்கு, அவ்வழியே டிப்பர் போகத் தொடங்கினால் இடமுமில்லை, நூலுக்குத் தூய்மையுமில்லை. கல்தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய்க்கு மருந்தால் தீர்வில்லை; நோய் வெளிப்படும் காலத்தில் உழைத்தவர் குவாரியை விட்டு நெடுநாள் ஆகியிருக்கும். எனவே அச்செலவு குவாரிக் கணக்கில் ஏறாமல் குடும்பக் கணக்கில் ஏறுகிறது. கைவிடப்பட்ட பள்ளங்களில் மழைநீர் தேங்க, குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கும் செய்தி தமிழ்நாட்டில் அவ்வப்போது வந்துகொண்டேயிருக்கிறது. இதற்கு ரூபாயில் மதிப்புப் போடுவார் எவர்?

நம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதி விவசாயிகள் இத்தகைய கணக்கைத் தாமே போட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்ததையும் இங்கே நினைவூட்ட வேண்டும். அங்கே பூமிக்கடியில் இருப்பது கல்லன்று, எரிவாயு. ஆலங்குடி வட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டத்திற்கு மைய அரசு 2017 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தபோது ஊரார் திரண்டெழுந்தனர். பலாவும் பூவும் நெல்லும் ஆண்டுதோறும் தரும் மண்ணை, ஒரு தலைமுறைக்குள் தீர்ந்துபோகும் பொருளுக்காக விடுவதற்கில்லை என்பதே அவர்கள் கணக்கு. 2020-ல் தமிழ்நாடு அரசு இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் காவிரிப் படுகையுடன் நம் மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களும் சேர்க்கப்பட்டன. மேற்கேயுள்ள கல் பூமிக்கு அத்தகைய அரண் இல்லை. பலா மரத்தைக் காட்டி வாதாடியவர்போல் முட்செடியும் பாறையும் நிறைந்த புறம்போக்கைக் காட்டி வாதாட எவர் முன்வருவார்? ஆனால் ஆடு மேய்ப்பவருக்கும் விறகு பொறுக்குபவருக்கும் அதுவே வயல்.

கல் போனபின் ஊருக்கு என்று ஏதேனும் திரும்பி வருகிறதா? வர வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். சிறு கனிமங்களைப் பற்றிய விதிகளை வகுக்கும் அதிகாரத்தை 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டம் மாநிலங்களுக்கு அளித்தது. 1959-ல் நம் மாநிலத்தின் சிறு கனிமச் சலுகை விதிகள் வந்தன. உரிமத்தொகையில் ஊராட்சிக்குப் பங்கு சேர்வது தமிழகத்தில் நெடுநாள் வழக்கம். 2015-ல் மேற்கூறிய சட்டம் திருத்தப்பட்டு, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மாவட்டந்தோறும் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைய வழி செய்யப்பட்டது. குத்தகைதாரர் உரிமத்தொகைக்கு மேல் ஒரு பங்கை இதற்குச் செலுத்த வேண்டும். குடிநீர், மருத்துவம், கல்வி, சூழல் காப்பு முதலியவற்றுக்கு இந்நிதியில் குறைந்தது 60 விழுக்காடு செலவிடப்பட வேண்டும் என்று அவ்வாண்டு நெறி வகுக்கப்பட்டது. 2024 ஜூலை 25-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, உரிமத்தொகை வரியாகாது என்றும், கனிமம் உள்ள நிலத்திற்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றும் தீர்ப்பளித்தது. அதன்பின் தமிழ்நாட்டில் கனிமம் தாங்கிய நிலவரி 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. குவாரி உரிமையாளர்கள் வேலை நிறுத்தமும் செய்தனர். வரி உயர்ந்ததை அறிந்த ஊரார், அவ்வரியில் தம் ஊருக்கு எவ்வளவு என்று கேட்டதாக நமக்குச் செய்தி இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

திரும்பி வரும் பணத்தை வைத்து என்ன செய்வது என்பதும் சிறிய கேள்வியன்று. பசிபிக் கடலிலுள்ள நவ்ரு என்னும் சிறு தீவு, பாஸ்பேட் உரக்கல்லை விற்று 1968-ல் விடுதலை பெற்ற பின் சில காலம் உலகின் செல்வ நாடுகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. கல் தீர்ந்தது, சேமிப்பும் வீண் முதலீடுகளில் கரைந்தது, தீவின் நடுப்பகுதி பயிரிட முடியாத மேடும் பள்ளமுமாக எஞ்சியது. அமெரிக்காவின் வடகோடியான அலாஸ்காவிலோ 1976-ல் மக்கள் வாக்களித்து, எண்ணெய் உரிமத்தொகையில் குறைந்தது நாலில் ஒரு பங்கு நிலையான நிதியில் சேர வேண்டும் என்று தம் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தனர். அந்நிதியின் ஆதாயத்திலிருந்து 1982 முதல் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் பங்கு வழங்கப்படுகிறது. நம் சங்கங்களின் ஒதுக்கு நிதியும் லாபப் பங்கீடும் இதே தத்துவத்தின் சிறிய வடிவங்களே. எனவே இம்முறை நமக்குப் புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை.

பொறி வந்த பின்பு உழைப்பாளர் சங்கத்திற்கு இடமில்லை என்று சிலர் கருதுகின்றனர். கேரளத்து வடகரைக்கு அருகே 1925-ல், வாக்படானந்தர் என்னும் சீர்திருத்தப் பெரியாரின் வழிகாட்டலில், அவரைப் பின்பற்றியதற்காக வேலை மறுக்கப்பட்ட கூலியாட்கள் சிலர் சேர்ந்து ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினர். மண் சுமந்து சாலை போட்ட அச்சங்கம் நூறாண்டு கண்டு, பெரும் பாலங்களையும் கட்டடங்களையும் எடுத்துக் கட்டும் நிறுவனமாக நிற்கிறது. அங்கும் பொறிகள் உண்டு. ஆனால் பொறி சங்கத்தினுடையது, சங்கம் தொழிலாளருடையது. நிர்வாகக் குழுவினர் அங்கத்தினர்களாலே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். புதுக்கோட்டைப் பெண்கள் குழுக்களுக்குக் கிட்டாத இரண்டு, அதாவது நீண்ட காலமும் சொந்த மூலதனமும், ஊராளுங்கலுக்குக் கிட்டின. ஒரே நாளில் அல்ல. ஆதாயத்தைப் பிரித்துத் தின்றுவிடாமல் ஆண்டுதோறும் ஒரு பகுதியைக் கருவிகளில் இட்டதால் கிட்டின.

நம் மாவட்டத்தில் நாளையே அத்தகைய சங்கத்தை நிறுவிவிடலாம் என்று சொல்ல வரவில்லை. முதலில் செய்யக்கூடியது கணக்குப் பார்ப்பது. இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. சட்டத்திற்குப் புறம்பான குவாரிகளைப் பற்றி அதிகாரிகளிடம் தொடர்ந்து முறையிட்டு வந்த ஒருவர் 2025 ஜனவரியில் திருமயம் வட்டத்தில் லாரி மோதி உயிரிழந்தார். அது கொலை வழக்காகப் பதிவாகி, குவாரி உரிமையாளர் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டனர். பின்னர் வழக்கு குற்றப்பிரிவு விசாரணைத் துறைக்கு மாற்றப்பட்டது. மாவட்டமே கலங்கிய நிகழ்ச்சி அது. குவாரி விஷயத்தில் தனியொருவர் பெயரால் மனு எழுதுவதை விடுத்து, சங்கத்தின் மகாசபைத் தீர்மானமாகவோ கிராம சபைத் தீர்மானமாகவோ எழுதுவதே தக்கது. நூறு பேர் கையொப்பமிட்ட தாளை மிரட்டுதல் எளிதன்று.

கணக்குப் பார்க்கும் முறை எளியது. கல் ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு வண்டிக்கும் நடைச்சீட்டு இருக்க வேண்டும்; வண்டி எண், கல்லின் அளவு, புறப்பட்ட நாளும் நேரமும் அதில் இருக்கும். உரிமத்தொகை கணக்கிடப்படுவது அதன் அடிப்படையிலேதான். சீட்டில்லாமல் போன லோடுக்கும், சீட்டில் குறைத்துக் காட்டிய அளவுக்கும் ஊராட்சியின் பங்கு வராது. சங்கத்தார் லாரியை மறிக்க வேண்டா; மறித்தலும் தகாது. பால் சங்கத்தின் வாயிலிலோ நெசவுக் கூடத்துத் திண்ணையிலோ இருந்துகொண்டு, ஒரு மாத காலம் நாளொன்றுக்கு எத்தனை வண்டிகள் போயின என்று முறைவைத்து எழுதிவரலாம். அதே மாதத்தில் எத்தனை நடைச்சீட்டுகள் வழங்கப்பட்டன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டக் கனிம அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். ஊராட்சிக்கு வந்த தொகையையும், கனிம அறக்கட்டளையிலிருந்து நம் ஊருக்கு நடந்த வேலையையும் கிராம சபையில் கேட்கலாம். இப்பொழுது ஆண்டுக்கு ஆறு நாட்கள் சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வண்டிக் கணக்கையும் சீட்டுக் கணக்கையும் இரு பத்திகளாக ஒரே தாளில் எழுதிச் சபையில் உரக்கப் படிக்க வேண்டும். அறிவொளி நாட்களில் குவாரியில் படிக்கக் கற்ற பெண்கள் இன்று பாட்டிமாராக நம் ஊர்களில் இருக்கின்றனர். அத்தாளைப் படிப்பதற்கு அவர்களுள் ஒருவரை அழைக்கலாம்.